கோடு வரையும் கையும் மனச்சாட்சியும்



வேலிச் சண்டை என்றால் என்னவென்று நம்மவர்க்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஒரு கதியால் ஓர் அடி தள்ளி நடப்பட்டதற்காக ஆண்டுக்கணக்கில் முகம் பாராதிருந்த உடன்பிறப்புகளை நாம் அறிவோம். வழக்கு நீதிமன்றம் போனால் நில அளவையாளர் வருவார், உறுதியைப் படிப்பார், பழைய எல்லைக் கல்லைத் தேடுவார், அளந்து பார்ப்பார். இரண்டு அளவையாளர் வந்தாலும் பெரும்பாலும் ஒரே இடத்திலேயே கல் நாட்டுவர். ஏனெனில் அந்த எல்லை முன்னரே வரையப்பட்ட ஒன்று. அதைத் திரும்பக் கண்டுபிடிப்பதே அவர்கள் வேலை.

மனித உடலுக்குள் எல்லை வரையவேண்டிய தொழில் ஒன்றும் உண்டு. புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை அளிக்கும் வைத்திய நிபுணர்கள் அதை நாள்தோறும் செய்கிறார்கள். அங்கே உறுதியும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. நல்ல அறிவும் நல்ல மனமும் படைத்த இரு நிபுணர்கள் ஒரே நோயாளியின் ஒரே படத்தைப் பார்த்து, கட்டியின் எல்லை இதுதான் என்று இருவேறு கோடுகளை வரைகிறார்கள். இது எப்போதோ ஒருமுறை நேரும் விந்தையன்று. பல நாடுகளில் பலமுறை ஆராய்ந்து அறியப்பட்ட உண்மை.

இந்த உண்மை எழுப்பும் அறவியல் வினாவையே இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம். இருவரும் கற்றவர்கள், இருவரும் நேர்மையானவர்கள், ஆயினும் இருவர் கோடும் ஒருங்கே சரியாக இருக்க முடியாது. அப்படியானால் நோயாளிக்கு அவர்கள் செலுத்தவேண்டிய கடமைதான் என்ன?

கோடு எவ்வாறு வரையப்படுகிறது?

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜேர்மனியில் வில்ஹெல்ம் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அதன்பின் சிறிது காலத்திலேயே அக்கதிரைக் கொண்டு கட்டிகளைக் கரைக்கும் முயற்சிகள் தொடங்கின. ஆயினும் கட்டி உடலுக்குள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அக்காலத்து வைத்தியர்கள் தொட்டுப் பார்த்தும், சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தைப் பார்த்துமே ஊகித்தார்கள். ஆகவே அகலமாகவே கதிரைச் செலுத்தினார்கள். நோயோடு நோயில்லாத இடமும் வெந்தது.

1971ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாம் திகதி இலண்டனில் ஒரு நோயாளியின் தலை, கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் என்னும் பொறியியலாளர் அமைத்த சி.ரி. ஸ்கான் இயந்திரத்தில் முதன்முதலாகப் படமெடுக்கப்பட்டது. அவருக்கும் அலன் கோமக் என்பவருக்கும் 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. பாண் வெட்டுவதுபோல உடலைத் துண்டு துண்டாகப் படத்தில் பார்க்க அன்று வழி பிறந்தது.

இன்று கதிர்ச் சிகிச்சைக்குச் செல்லும் ஒருவரை முதலில் ஸ்கான் இயந்திரத்தில் கிடத்துவார்கள். கழுத்திலோ வாயிலோ நோய் என்றால், முகம் அசையாதிருக்க, முகத்தின் அச்சிலேயே வார்த்த வலைபோன்ற முகமூடி ஒன்றைச் செய்வார்கள். இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றருக்கு ஒரு படமாக நூறு படங்கள் வரை சேரும். சில வேளைகளில் அதற்கும் மேல். வைத்தியர் கணினியின் முன் அமர்ந்து, அப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கட்டி தெரியும் படங்களிலெல்லாம் அதைச் சுற்றிக் கோடு இழுப்பார்.

கோடும் ஒன்றல்ல. 1925இல் தொடங்கிய, கதிர் அளவுகளுக்கான சர்வதேச ஆணைக்குழு 1993இல் வெளியிட்ட அறிக்கை மூன்று எல்லைகளை வகுத்துத் தந்தது. முதலாவது, கண்ணுக்குத் தெரியும் கட்டி. இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நோயின் வேர் ஓடியிருக்கலாம் என அஞ்சப்படும் இடம். மூன்றாவது, மூச்சு விடுவதாலும், நாளுக்கு நாள் படுக்கும் நிலை சிறிது மாறுவதாலும் ஏற்படும் அசைவுக்காக விடும் இடைவெளி. முதலாவது எல்லை பிழைத்தால் அதன்மேல் வளரும் மற்ற இரண்டும் பிழைக்கும்.

கோட்டுக்குள் அகப்பட்ட இடத்துக்கு நாளொன்றுக்கு 2 கிறே என்ற அளவில், கிழமைக்கு ஐந்து நாளாக, ஆறு ஏழு கிழமைகள் கதிர் செல்லும். வாய், தொண்டைப் புற்றுநோயில் மொத்தம் 70 கிறே வரை கொடுப்பது வழக்கம். வெளியே நிற்கும் இடங்களில் கதிர் இயன்றவரை குறைக்கப்படும். அங்கே முள்ளந்தண்டு நரம்பு இருக்கலாம். உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கலாம். கண் நரம்பு இருக்கலாம்.

கோடு சிறிது தள்ளிப்போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. உருண்டையான ஒரு கட்டியின் குறுக்களவு 4 சென்ரிமீற்றர் என்று ஒருவர் வரைகிறார். மற்றவர் சுற்றிவர வெறும் அரைச் சென்ரிமீற்றர் கூட்டி, 5 சென்ரிமீற்றர் என்று வரைகிறார். முதலாமவர் வரைந்த உருண்டையின் கனவளவு ஏறத்தாழ 34 கன சென்ரிமீற்றர். இரண்டாமவரது ஏறத்தாழ 65. ஒரு விரல் அகலமும் இல்லாத வேறுபாடு, கதிர் படும் இடத்தை ஏறக்குறைய இருமடங்காக்கிவிட்டது! மறுபுறம், முதலாமவர் விட்டுவிட்ட அந்த அரைச் சென்ரிமீற்றரில் உயிருள்ள நோய் இருந்தால், அது அங்கிருந்தே மீண்டும் வளரும்.

வேறுபாடு ஏன் வருகிறது?

நெதர்லாந்து நாட்டில் நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியாயிற்று. ஐந்து நிறுவனங்களைச் சேர்ந்த 11 கதிர்ச் சிகிச்சை நிபுணர்களிடம் 22 சுவாசப்பைப் புற்று நோயாளிகளின் சி.ரி. படங்களைக் கொடுத்து, கட்டியின் எல்லையை வரையச் சொன்னார்கள். அனைவரும் தகுதிபெற்ற நிபுணர்கள். ஆயினும் அவர்கள் வரைந்த கோடுகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நின்ற அளவு, நியம விலகலாகக் கணித்தபோது, 1 சென்ரிமீற்றர். சிகிச்சை இயந்திரமோ மில்லிமீற்றர் கணக்கில் குறி தவறாதது. நோயாளியின் உடலுக்குள் எங்கே சுடவேண்டும் என்று சொல்லும் மனிதருக்கிடையிலேயே அந்த வேறுபாடு இருந்தது.

இதற்குக் காரணங்கள் பல. முதலாவது, பார்வை. சுவாசப்பையில் கட்டி ஒரு குழாயை அடைத்தால் அப்பால் உள்ள பகுதி காற்றிழந்து சுருங்கும். சி.ரி. படத்தில் கட்டியும் சாம்பல் நிறம். சுருங்கிய பகுதியும் ஏறத்தாழ அதே சாம்பல் நிறம். இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதை அப்படம் சொல்லாது. படத்தின் ஒளியைக் கூட்டிக் குறைத்தாலே கட்டி பெருத்தும் சிறுத்தும் தெரியும்.

இரண்டாவது, அறிவும் பயிற்சியும். எந்த நோய் எந்தத் திசையில் வேரோடும் என்பதை ஒரு நிபுணர் நூறு நோயாளிகளிடம் கண்டிருப்பார். இன்னொருவர் நாலு பேரிடம் கண்டிருப்பார்.

மூன்றாவது, மனப்போக்கு. நோயின் ஒரு துளியையும் விட்டுவிடக் கூடாதே என்ற அச்சம் ஒருவரை அகல வரையச் செய்கிறது. நல்ல உறுப்பைக் கெடுத்துவிடக் கூடாதே என்ற அச்சம் மற்றவரை ஒடுக்கி வரையச் செய்கிறது. இரண்டும் நோயாளியின் மேலுள்ள அக்கறையால் எழும் அச்சங்களே.

நான்காவது, களைப்பும் அவசரமும். ஒரே வைத்தியர் ஒரே படத்தைச் சில கிழமைகளின் பின் மீண்டும் வரைந்தால், தம்முடைய பழைய கோட்டின்மேல் அப்படியே வரைவார் என்பதற்கும் உறுதியில்லை.

பிழையா, குற்றமா?

வேறுபாடு என்றவுடன் ஒருவர் குற்றவாளி என்று முடிவு கட்டுவது எளிது. அது நீதியாகாது. மூன்று நிலைகளைப் பிரித்தறிய வேண்டும்.

பார்க்கவேண்டியதைப் பாராமல், ஏனோதானோ என்று கோடிழுப்பது குற்றம். அறிந்திருக்கவேண்டியதை அறியாமல் வரைவதும், கற்க வாய்ப்பிருந்தும் கல்லாதபோது, குற்றமே. ஆனால் கற்கவேண்டியதைக் கற்று, பார்க்கவேண்டியதைப் பொறுமையாகப் பார்த்து, அதன்பின்னும் இருவர் வேறுபட்டால் அது மனித அறிவின் எல்லை. ஒவ்வொரு துறையிலும் அத்துறையின் இயல்பு இடங்கொடுக்கும் அளவு துல்லியத்தையே கற்றவன் எதிர்பார்ப்பான் என்று அரிஸ்ரோட்டில் தமது ஒழுக்கவியல் நூலின் தொடக்கத்தில் குறிக்கிறார். கேத்திர கணிதத்தில் பெறும் உறுதியை வைத்தியத்தில் கேட்க முடியாது.

ஆனால் இங்கேதான் ஓர் ஆபத்து உண்டு. "மனிதர்க்கு மனிதர் வேறுபடுவது இயல்பு" என்ற இந்த உண்மையையே சாட்டாக வைத்துக்கொண்டு, "என் கோடு எனக்கு, உன் கோடு உனக்கு" என்று ஒதுங்கிவிடலாம். ஒரு தாய் காலையில் வைத்தியசாலைக்குப் போகிறாள். இடப்பக்க அறைக்குள் நுழைந்தால் அவள் கழுத்தில் ஒரு கோடு. வலப்பக்க அறைக்குள் நுழைந்தால் வேறொரு கோடு. நோய் ஒன்றே, நாள் ஒன்றே. எந்தக் கதவு திறந்தது என்பதைப் பொறுத்து அவள் உமிழ்நீர் வற்றுவதும் வற்றாததும், நோய் திரும்புவதும் திரும்பாததும் அமையலாம் என்றால், அது அவளுக்குச் செய்யும் நீதியா?

நம் பிள்ளைகள் எழுதும் க.பொ.த. உயர்தரப் பரீட்சையை எண்ணிப் பாருங்கள். விடைத்தாள் எந்தப் பரீட்சகர் கைக்குப் போகிறது என்பதில் பிள்ளையின் பல்கலைக்கழக வாய்ப்புத் தங்கியிருக்கக் கூடாது என்பதற்காகவே புள்ளியிடும் திட்டம் ஒன்று வகுக்கப்படுகிறது. பிரதம பரீட்சகர் மேற்பார்வை செய்கிறார். பரீட்சகர்கள் நேர்மையற்றவர்கள் என்ற சந்தேகத்தால் செய்யப்படும் ஏற்பாடன்று அது. நேர்மையானவர்களும் வேறுபடுவார்கள் என்பதை அறிந்து, அவ்வேறுபாட்டின் சுமையைப் பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு. விடைத்தாளுக்கு இவ்வளவு கவனம் என்றால், உடலுக்கு எவ்வளவு வேண்டும்!

இது வெறும் வாதமன்று. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ஒரு புதிய மருந்தைச் சோதிப்பதற்காக அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர் குழு ஒன்றின் தலைமையில் பல நாடுகளில் 861 நோயாளிகள் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். முடிவுகள் 2010இல் வெளிவந்தன. மருந்தினால் எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை. ஆனால் நோயாளிகளின் கதிர்ச் சிகிச்சைத் திட்டங்களைச் சரிபார்த்தபோது வேறோர் உண்மை தெரியவந்தது. குறைந்தது 60 கிறே கதிர் பெற்றவர்களில், தொடக்கத்திலிருந்தே விதிப்படி அமைந்த திட்டத்தைப் பெற்றவர் 502 பேர். அவர்களில் நூற்றுக்கு 70 பேர் இரண்டாண்டின் பின் உயிரோடிருந்தனர். பாரதூரமான குறைபாடுடைய திட்டத்தைப் பெற்றவர் 87 பேர். அவர்களில் நூற்றுக்கு 50 பேரே உயிரோடிருந்தனர். குறைபாடுகளுள் கோட்டுப் பிழையும் இருந்தது, கதிர் அளவைத் திட்டமிட்ட பிழையும் இருந்தது. சில நோயாளிகளை மாத்திரமே ஆய்வில் சேர்த்த நிலையங்களில் குறைபாடு அதிகம். பலரைச் சேர்த்த நிலையங்களில் குறைவு.

வெற்றிலை பாக்கோடு புகையிலையும் மெல்லும் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் மலிந்த நம் நாட்டில், இவ்வெண்களைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

ஒற்றுமை மட்டும் உண்மையாகுமா?

அப்படியானால் எல்லா வைத்தியர்களையும் ஒரே மாதிரி வரையச் செய்துவிட்டால் போதுமா? போதாது. ஊர் முழுவதும் சேர்ந்து பிழையாகச் சொன்னாலும் பிழை பிழையே. பதினொரு பேரும் ஒரே கோட்டை வரைந்து, அந்தக் கோட்டுக்கு வெளியே நோய் நின்றால், அந்த ஒற்றுமையால் நோயாளிக்கு என்ன பயன்? ஒருவர் தனியே பிழைத்தால் மற்றவர் பிடிப்பார். எல்லோரும் ஒன்றாகப் பிழைத்தால் பிடிப்பார் யார்?

மேலே சொன்ன நெதர்லாந்து ஆய்வின் இரண்டாம் பகுதி இங்கே நமக்கு வழிகாட்டுகிறது. ஓராண்டின் பின் அதே 11 நிபுணர்களிடம் அதே 22 நோயாளிகளின் படங்களை மீண்டும் கொடுத்தார்கள். இம்முறை சி.ரி. படத்தோடு, உயிர்ப்போடு வேலை செய்யும் கலங்களை ஒளிரச் செய்து காட்டும் பெற் ஸ்கான் படத்தையும் பொருத்திக் கொடுத்தார்கள். 1 சென்ரிமீற்றராக இருந்த விலகல் 0.4 சென்ரிமீற்றராகக் குறைந்தது. கட்டியும் சுருங்கிய சுவாசப்பையும் சந்திக்கும் இடத்திலேயே அது மிக அதிகமாகக் குறைந்தது.

இதன் பொருளைக் கவனியுங்கள். அவர்களை எவரும் வாக்கெடுப்பு நடத்தி ஒன்றாக்கவில்லை. மூத்தவர் சொன்னதை இளையவர் ஒத்துக்கொள்ளவேண்டும் என்று கட்டளையிடவுமில்லை. முன்பு காணாத ஒன்றை அனைவரும் கண்டார்கள். கண்டதால் நெருங்கி வந்தார்கள். நல்ல ஒற்றுமை அவ்வாறுதான் பிறக்கிறது. பெற் படமும் தவறாதது என்று எண்ணவேண்டாம். கசநோயோ வேறு அழற்சியோ உள்ள இடமும் அதில் ஒளிரும். ஆகவே கூடிய வெளிச்சம் வந்தபின்னும் கூடிய நிதானம் தேவைப்படுகிறது.

நாம் கேட்பது உண்மையை நாடிச் செல்லும் ஒற்றுமை. முகத்துக்கு அஞ்சியோ, வழக்கத்துக்கு அஞ்சியோ வரும் ஒற்றுமையை நாம் கேட்கவில்லை.

பிறர் கண்ணுக்குக் காட்டும் கடமை

இனி நம் வினாவுக்கு வருவோம். நோயாளிக்கு வைத்தியர் செலுத்தவேண்டிய கடமை என்ன? தவறாத கோட்டை எவராலும் வாக்களிக்க முடியாது. வாக்களிக்கக்கூடியது ஒன்றுண்டு: தம் கோட்டைத் தாம் மட்டுமே பார்த்த கோடாக விடாமல், கதிர் பாயுமுன் இன்னொரு தகுதியுள்ள கண்ணுக்குக் காட்டுவது. இங்கிலாந்தில் கதிரியல் நிபுணர்களின் றோயல் கல்லூரி, எல்லை வரைவதையும் அதைச் சக நிபுணர் பார்வையிடுவதையும் பற்றி 2017இல் வழிகாட்டியொன்றை வெளியிட்டது. எந்தப் படத்தில் எந்த உறுப்பு எங்கே முடிகிறது என்று காட்டும் படத்தொகுதிகளைப் பல நாட்டு நிபுணர்கள் கூடி ஆக்கியிருக்கிறார்கள். கழுத்து நெறிக்கட்டிகளின் எல்லைகளை வகுப்பதில் ஐரோப்பிய, அமெரிக்கக் குழுக்கள் 2003இல் ஓர் இணக்கத்துக்கு வந்தன.

இங்கே இரண்டு தடைகள் எழும். முதலாவது, ஆணவம். "இருபது வருடம் வரைந்த கை, இதை யார் திருத்துவது?" விவேகம் என்னும் புண்ணியத்தை ஆராயும் புனித தோமஸ் அக்குவைனாஸ், பிறரிடம் கற்றுக்கொள்ளும் மனத்தையும் அப்புண்ணியத்தின் ஓர் உறுப்பாகவே வைக்கிறார். தனித்தனி நிகழ்ச்சிகள் எண்ணற்ற விதமாக அமைவதால் எந்த ஒரு மனிதனும் அனைத்தையும் தானே கண்டறிய முடியாது என்பது அவர் காட்டும் காரணம். கற்றவர்களும் இதற்கு விலக்கில்லை என்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இக்கருத்து, ஸ்கான் படத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கும் அப்படியே பொருந்துகிறது.

இரண்டாவது தடை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். பேராசிரியர் கோடு வரைந்து முடித்துவிட்டார். பக்கத்தில் நிற்கும் இளம் வைத்தியர், கட்டியின் கீழ்முனை ஒரு படம் தாண்டியும் நீள்கிறதே என்று காண்கிறார். வாய் திறப்பாரா? பெரியவர் சொன்னால் சரி என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். குருவை எதிர்த்துப் பேசாதே என்பது நம் வீட்டில் கற்ற பாடம். மரியாதை நல்ல பண்பே. ஆனால் அந்த அறையில் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர் படத்தில் இருக்கிறார், பேச முடியாமல் இருக்கிறார். இளையவரின் மௌனத்துக்கான விலையை அவரே கொடுக்கிறார். ஆகவே இளையவர் பணிவோடு சொல்லத்தான் வேண்டும். "சேர், இந்தப் படத்தையும் ஒருக்கால் பாருங்கோ" என்று சொல்வதில் அவமரியாதை எதுவுமில்லை. அப்படிச் சொல்லத் துணியும் இடமாகத் தம் அறையை வைத்திருப்பது பெரியவரின் கடமை.

இன்னுமொரு மறுப்பும் எழலாம். "விதிமுறையும் வழிகாட்டியும் வைத்தியரைக் கைகட்டி நிறுத்திவிடும். ஒவ்வொரு நோயாளியும் ஒருவிதம் அல்லவா?" உண்மைதான். வழிகாட்டியில் சொல்லாத உடலமைப்பும் நோயும் வரும். அப்போது நிபுணர் வழிகாட்டியிலிருந்து விலகலாம், விலகவும் வேண்டும். ஆனால் காரணத்தை எழுதிவைத்து விலகவேண்டும். காரணம் எழுதத் தெரிந்த விலகலுக்குப் பெயர் தீர்ப்பு. காரணம் எழுத முடியாத விலகலுக்குப் பெயர் பழக்கம். மனச்சாட்சி என்பதும் தன் விருப்பத்துக்கு இட்ட பெயரன்று. கேட்பவருக்குக் காரணம் சொல்ல ஆயத்தமாயிருப்பதே நேர்மையான மனச்சாட்சியின் அடையாளம்.

இயந்திரம் வரையும் கோடு

அண்மைக் காலத்தில் கணினியே கோடு வரையும் முறைகள் வைத்தியசாலைகளில் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. முன்னர் நிபுணர்கள் வரைந்த பெருந்தொகையான படங்களைக் கற்று, புதிய படத்தில் சில நிமிடங்களில் உறுப்புகளைச் சுற்றி அவை கோடிட்டுக் காட்டுகின்றன. களைப்பதில்லை; காலைக்கும் மாலைக்கும் மாறுவதில்லை. வைத்தியர் குறைந்த நாடுகளுக்கு இது பெரிய உதவி என்பதை மறுக்க வேண்டாம்.

ஆனால் கணினி கற்றது மனிதர் வரைந்த கோட்டையே. கற்பித்தவர்கள் பிழைத்த இடத்தில் அதுவும் பிழைக்கும்; ஆயிரம் பேருக்கும் ஒரே சீராகப் பிழைக்கும். கண்முன் அழகான கோடொன்று ஆயத்தமாக நிற்கும்போது, களைத்த மனிதர் அதைச் சரிபாராமல் ஒப்பமிடத் தூண்டப்படுவார். முன்னே சொன்னது இங்கும் பொருந்தும்: ஒரே மாதிரி இருப்பது சரியாக இருப்பதற்கு உத்தரவாதமன்று. கணினி வரையட்டும். பார்த்துப் பொறுப்பேற்று ஒப்பமிடவேண்டியவர் மனிதர். பிழைத்தால் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவேண்டியவரும் அவரே.

உங்களுக்கு ஒரு வார்த்தை

வாசகர்களே, இவ்வளவையும் படித்தபின் சிலர் அஞ்சக்கூடும். "வைத்தியர்களே ஒத்துப்போவதில்லையென்றால் எதை நம்பிப் போவது?" என்று கேட்கக்கூடும். மகரகமவுக்கும் தெல்லிப்பழைக்கும் உங்கள் வீட்டாரோடு போய் வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். தயவுசெய்து இதைப் படித்ததால் எவரும் சிகிச்சையைக் கைவிட வேண்டாம். கதிர்ச் சிகிச்சையால் குணமடைந்து பிள்ளை குட்டிகளோடு வாழ்பவர்கள் உலகெங்கும் உண்டு. தங்கள் குறையைத் தாங்களே அளந்து, எண்களாக எழுதி, பகிரங்கமாக வெளியிட்ட தொழில் இது. பதினொரு நிபுணர்கள் தாங்கள் வேறுபடுவதை ஊரறியச் சொன்னார்கள் என்றால், அவர்கள்மேல் நமக்கு நம்பிக்கை கூடத்தான் வேண்டும். எங்களுக்குப் பிழையே வராது என்பவரிடமே எச்சரிக்கை தேவை.

நீங்கள் செய்யக்கூடியதும் சில உண்டு. பழைய ஸ்கான் படங்களையும் அறிக்கைகளையும் பத்திரமாக வைத்து, போகும்போது கொண்டுபோங்கள். சத்திரசிகிச்சை நடந்திருந்தால் அதன் குறிப்பையும் கொண்டுபோங்கள். வெட்டி எடுத்தபின் கட்டி முன்பு எங்கே இருந்தது என்பதை அறிய வைத்தியருக்கு அவைதான் சாட்சி. சில நாள் பிந்தித் தொடங்குவதாக அவர்கள் சொன்னால், உடனே சினந்து பேசாமல் காரணத்தைக் கேளுங்கள். இன்னொரு கண் பார்ப்பதற்காக எடுக்கும் நேரமாகவும் அது இருக்கலாம். ஆனால் காரணமில்லாத தாமதத்தை ஏற்கவேண்டியதில்லை. "ஐயா, இந்தத் திட்டத்தை வேறொரு டொக்டரும் பார்த்தவரோ?" என்று பணிவாகக் கேட்பதற்கும் உங்களுக்கு உரிமையுண்டு. நல்ல வைத்தியர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

வீட்டிலே வைத்தியத்துறைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இதை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். நாளை அவர்கள் கையில் அந்தக் கோல் இருக்கும். நாம் வைத்தியர்கள் அல்லாவிட்டாலும் நம் கையிலும் ஒவ்வொரு கோல் இருக்கிறது. ஆசிரியர் ஒரு பிள்ளையைக் கெட்டிக்காரன் என்றும் மக்கு என்றும் பிரிக்கிறார். அதிகாரி ஒரு குடும்பத்தை உதவிக்கு உரியது என்றும் உரியதல்ல என்றும் பிரிக்கிறார். பெற்றோர் ஒரு மகனை நல்லவன் என்றும் மற்றவனை உதவாதவன் என்றும் பிரிக்கிறார்கள். தனியே இருந்து இழுத்த அந்தக் கோடுகளில் எத்தனையை நாம் இன்னொருவர் கண்ணுக்குக் காட்டியிருக்கிறோம்?

வேலி பிழைத்தால் பிடுங்கி மீண்டும் நடலாம். உடலில் பாய்ந்த கதிரைத் திரும்பப் பெற முடியாது. ஆதலால் பாயுமுன் ஒருமுறை இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்கிறோம். அதற்கு வேண்டியது சில நிமிட நேரமும், நானும் பிழைக்கக்கூடியவன் என்று ஒப்புக்கொள்ளும் மனமும்தான்.